எல்லோரும் வெளியே வந்துவிட்டார்களா?

போன மாதம் திருநெல்வேலியை அடுத்த கங்கைகொண்டான் பக்கத்தில் ஒரு பஞ்சாலையில் தீ ஒத்திகை பார்க்கப் போயிருந்தேன். சங்கு ஊதியது. நான்கே நிமிடத்தில் ஆட்கள் வேப்பமரத்தடியில் கூடிவிட்டார்கள். வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத பாதுகாப்பு அலுவலர் என்னிடம் வந்து, "எல்லோரும் வந்துவிட்டார்கள் சார்" என்றார்.

"எப்படித் தெரியும் தம்பி?" என்று கேட்டேன். அவர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். 18 ஆண்டுகளுக்கு முன்பு நானும் அப்படித்தான் திரும்பிப் பார்த்தேன்.

தீயணைப்பானின் முள் பச்சையில் நிற்கிறதா, வெளியேறும் வழியில் பெட்டி அடுக்கியிருக்கிறதா என்பதையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொடுப்பார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். அவசரகாலத் திட்டத்தில் பலரும் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

தலை எண்ணாமல் விடுவது

18 ஆண்டுகளுக்கு முன்பு, நான் அப்படித் திரும்பிப் பார்த்த அன்று, எங்கள் பஞ்சு குடோனில் பிடித்தது சுடர் தெரியாத தீ. பொதிக்குள்ளேயே கனன்று கனன்று புகைந்தது. எல்லோரும் வாசலுக்கு ஓடி வந்தோம். வருகைப் பதிவேடு டைம் ஆபீஸ் மேசையிலேயே கிடந்தது. டைம் ஆபீஸ் குடோனை ஒட்டிய அறை. அவசரகாலத் திட்டத்தை எழுதியவன் நான்தான். பதிவேட்டை யார் எடுத்து வர வேண்டும் என்று அதில் ஒரு வரிகூட நான் எழுதவில்லை.

லோடுமேன் ஒருவரைக் காணோம் என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். "அத்தான் உள்ளே இருக்கிறார்" என்று கத்திக்கொண்டே அவருடைய மைத்துனர் குடோனுக்குள் ஓடினார். எட்டிப் பிடிக்க நினைத்தேன், முடியவில்லை. அந்த அத்தானோ சாலைக்கு எதிர்ப்புறம் டீக்கடையில் இருந்தார். சத்தம் கேட்டு, கையில் கிளாஸோடு சாலையைக் கடந்து வந்தார்.

மைத்துனரைத் தீயணைப்பு வீரர்கள்தான் தூக்கி வந்தார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் சூடேறிய இரும்பு ஷட்டரைப் பிடித்த வலது உள்ளங்கையில் தோல் சுருங்கி இழுத்துக்கொண்டது. இன்றும் அந்தக் கையால் சோற்றைப் பிசைய அவரால் முடியாது. மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று மூச்சு வாங்குகிறார்.

இந்தத் தவற்றை இன்னும் செய்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கேட்டால் கைரேகை இயந்திரத்தைக் காட்டுகிறார்கள். காலையில் யார் வந்தார்கள் என்றுதான் அது சொல்லும். இந்த நிமிடம் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று சொல்லாது. ஒப்பந்த லோடுமேன், லாரி ஓட்டுநர், கிளீனர், கேன்டீன் அக்கா, பழுதுபார்க்க வந்த மெக்கானிக் ஆகியோர் அந்தக் கணக்கிலேயே இல்லை.

வாசலில் ஒரு பலகையும் எண் போட்ட டோக்கன்களும் போதும். உள்ளே வருகிறவர் யாராக இருந்தாலும் தன் டோக்கனைப் பலகையில் மாட்ட வேண்டும். டீ குடிக்கப் போனாலும் எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். சங்கு ஊதியதும் வாட்ச்மேன் பலகையைக் கூடுமிடத்துக்குக் கொண்டு வரட்டும். ஒவ்வொரு பிரிவிலும் ஒருவர் தன் ஆட்களைப் பெயர் சொல்லி எண்ணட்டும். அவர் விடுப்பில் போனால் எண்ண இன்னொருவர் வேண்டும். ஆள் குறைந்தால் பெயரையும் கடைசியாகப் பார்த்த இடத்தையும் தீயணைப்பு அதிகாரியிடம் சொல்லுங்கள். வேறு யாரையும் உள்ளே விடாதீர்கள்.

கங்கைகொண்டானிலும் எண்ணச் சொன்னேன். ஒருவர் குறைந்தார். கம்ப்ரஸர் அறையில், காதை மூடும் கவசத்தோடு, வெளியூர் மெக்கானிக் ஒருவர் குனிந்து போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தார். சங்கு ஊதியதே அவருக்குத் தெரியாது.

ஒரே ஒரு கூடுமிடம்

ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் மேல்காற்று எப்படி வீசும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குடோனுக்குக் கிழக்கே மட்டும் கூடுமிடம் வைத்தால், அந்த மாதங்களில் புகை முழுவதும் ஆட்களின் முகத்தில்தான் அடிக்கும். கார்த்திகையில் காற்று வடகிழக்கிலிருந்து வரும். எதிரெதிர்த் திசைகளில் இரண்டு இடம் குறியுங்கள். கொடிக்கம்பத்தில் ஒரு துணியைக் கட்டிவிட்டால் எந்தப் பக்கம் போவது என்று தூரத்திலிருந்தே தெரியும்.

தொட்டிக்குள் மயங்கியவரைத் தூக்க இறங்குவது

இறங்காதீர்கள். அவரை மயக்கிய காற்று உங்களையும் மயக்கும். கயிற்றால் மேலே இழுக்க ஏற்பாடு இல்லையென்றால் வேலைக்காக முதல் ஆளையே இறக்கக் கூடாது.

தீயை மட்டும் எழுதிய திட்டம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை மறந்துவிட்டோமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணி கரை மீறி ஊருக்குள் வந்தது. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. பல இடங்களில் மின்சாரமும் இல்லை, செல்போனும் இல்லை. திட்டத்தில் தொலைபேசி எண்களை மட்டும் எழுதி வைத்திருந்தவர்களுக்கு அன்று அந்தத் தாளால் பயனில்லை.

மழை வலுக்கும்போது ஷிப்ட் பஸ்ஸை ஆற்றுப்பாலம் தாண்டி அனுப்பலாமா என்று முடிவெடுப்பவர் யார்? பெயரை எழுதுங்கள். மின்பலகைக்கு இரண்டு சாண் கீழே சுவரில் ஒரு சிவப்புக் கோடு போடுங்கள். தண்ணீர் அந்தக் கோட்டைத் தொடுவதற்கு முன்பே மெயினை நிறுத்தியாக வேண்டும். நிறுத்துகிறவர் உலர்ந்த தரையில் நிற்க வேண்டும்.

பகலில் மட்டும் ஒத்திகை

இரவு 2 மணிக்கு ஒருமுறை சங்கை ஊதிப் பாருங்கள். இரவில் டோக்கன் பலகையைப் பூட்டி வைக்கும் அறையின் சாவி யார் வீட்டில் இருக்கிறது என்று அப்போது தெரியும்.