இளைப்பு உள்ளவரை விமானத்தில் கூட்டிப்போக

எங்கள் ஆச்சிக்கு ரொம்ப வருஷமாக இளைப்பு, அதாவது ஆஸ்துமா. ராத்திரி முழுக்க ரயிலில் உட்கார முடியாததால், பாளையங்கோட்டையிலிருந்து சென்னையில் சித்தி வீட்டுக்கு இப்போது விமானம்தான். ஒருமுறை ஒரு விமான நிலையத்தில் படிக்கட்டுக்குக் கீழே வரிசையில் நின்றபோது பக்கத்து விமானம் எஞ்சினைக் கிளப்பியது. "எய்யா, நெஞ்ச அடைக்கி" என்று ஆச்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்ஹேலரோ சரக்கோடு போட்ட பெட்டிக்குள் போய்விட்டது.

அதனால் முதலில் இன்ஹேலர், அதில் மாட்டி மருந்தை இழுக்கிற ஸ்பேசர் குழாய், மருந்துச் சீட்டு மூன்றையும் கைப்பையில் வையுங்கள்.

தூத்துக்குடி விமான நிலையம் இருக்கிற வாகைக்குளம் போகிற சாலையில் துறைமுக லாரிகள் அதிகம். கண்ணாடியை ஏற்றி, ஏசியில் வெளிக்காற்றை அடைத்துவிடுங்கள். வல்லநாட்டுப் பக்கம் சாலை காலியானதும் இரண்டு நிமிடம் கண்ணாடியை இறக்குங்கள். இல்லாவிட்டால் நாலு பேர் விட்ட மூச்சே உள்ளே தேங்கித் தலை கனக்கும். வழியனுப்புவதை வீட்டிலேயே முடித்துக்கொள்ளுங்கள். நிலைய வாசலில் கார்கள் எஞ்சினை அணைக்காமல் நிற்கும்.

ஓடுதளப் பக்கம்தான் அதிகக் கவனம் வேண்டும். விமானப் புகையில் 100 நானோமீட்டருக்கும் சிறிய துகள்கள் ஏராளம். எடை மிகக் குறைவு என்பதால் காற்றிலுள்ள நுண்தூசியை எடையால் சொல்லும் பிஎம் 2.5 அளவில் இவை சரியாகத் தெரியாது. காற்றின் தரம் சொல்லும் செல்போன் செயலி பச்சை காட்டினாலும் நம்பிவிடாதீர்கள். லாஸ் ஏஞ்சலஸ் நிலையத்தில் காற்று போகும் திசையில் 16 கிலோமீட்டர் தள்ளியும் இவை கூடுதலாக இருந்ததை 2014இல் வந்த ஆய்வு அளந்து காட்டியது. துணி மாஸ்க் போதாது, என்95 வேண்டும். மூக்குக் கம்பியை அழுத்தி, ஓரம் கசியாமல் போட்டுவிடுங்கள். விமான எரிபொருளின் மண்ணெண்ணெய் வாடையை அது தடுக்காது. அதைப் போட்டுக்கொண்டு மூச்சு வாங்க முடியுமா என்று டாக்டரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

உள்ளே ஓடுதளக் கதவு, சென்ட் கடை, புகைபிடிக்கும் அறை இவற்றைவிட்டுத் தள்ளி உட்காருங்கள். நாம் விடும் மூச்சில் வரும் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று பார்க்க, நான் சின்னதாக ஒரு மீட்டர் கொண்டுபோகிறேன். வெளியே 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) அளவில் இருக்கும். உள்ளே 1000 தாண்டினால் புதுக்காற்று குறைவு என்று அர்த்தம், இடம் மாறிவிடுவோம்.

வீல்சேரில் வருபவரை முதலில் ஏற்றுவார்கள். நிற்கிற விமானத்தில் காற்றோட்டம் பெரும்பாலும் குறைவு. நடக்க முடிந்தால் கடைசியில் ஏறக் கேளுங்கள், தலைக்கு மேலுள்ள காற்றுத் துளையைத் திறந்துவிடுங்கள். அப்புறம், கிளம்பும் முன்பும் இறங்கிய பின்பும் மூச்சை ஊதும் வேகத்தை அளக்கிற பீக் ஃப்ளோ மீட்டரில் ஊதச் சொல்லுங்கள். அவருடைய சிறந்த அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் டாக்டர் சொன்ன மருந்து; 50க்கும் கீழே என்றால் மருந்தைக் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு.