உயிரணுவின் நுண்ணுறுப்புகளைப் பள்ளி நுண்ணோக்கியில் காண்பது எப்படி

படிவம் நான்கின் உயிரியல் நூலில் மாணவர்கள் காணும் உயிரணுப் படம் ஒரு தொகுப்புப் படமாகும். உட்கரு, இழைமணி, பசுங்கணிகம், கோல்கை உறுப்பு, எண்டோபிளாச வலை, ரைபோசோம் ஆகிய அனைத்தையும் அது ஒரே கட்டத்துக்குள் வரைந்து காட்டுகிறது. அப்படியொரு காட்சியைப் பள்ளி நுண்ணோக்கி எந்த உயிரணுவிலும் தராது என்பதை முன்கூட்டியே சொல்லாமல் மாணவரை லென்ஸின் முன் அமர்த்தினால், அவர் உண்மையில் கண்டதை விட்டுவிட்டுப் புத்தகப் படத்தை அப்படியே பார்த்து வரைந்து கொடுத்துவிடுவார். எனவே, ஒவ்வொரு நுண்ணுறுப்புக்கும் அதனை நன்கு காட்டும் இழையத்தைத் தேர்ந்தெடுப்பதும், காண முடியாதவற்றை அவை செய்யும் வேலையின் வழியே அறிவதுமே சரியான முறை. பினாங்கில் எளிதாகக் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு இதனைச் செய்ய விரும்பும் பெற்றோருக்காகவும் பிரத்தியேக வகுப்பு ஆசிரியர்களுக்காகவும் இக்குறிப்புகளை எழுதுகிறேன்.

முதலில் எல்லையை அறிந்துகொள்ள வேண்டும். ஒளி நுண்ணோக்கியால் ஏறத்தாழ 0.2 மைக்ரோமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் உள்ள இரு புள்ளிகளைப் பிரித்துக் காட்ட முடியாது. உருப்பெருக்கத்தை எவ்வளவு கூட்டினாலும் மங்கல்தான் பெரிதாகும். உட்கரு பொதுவாக 5 முதல் 10 மைக்ரோமீட்டர் வரையும் பசுங்கணிகம் 5 மைக்ரோமீட்டர் அளவிலும் இருப்பதால் இரண்டும் தெளிவாகத் தெரியும். ரைபோசோமின் அளவு 20 முதல் 30 நானோமீட்டர் (ஆயிரம் நானோமீட்டர் சேர்ந்தது ஒரு மைக்ரோமீட்டர்). உயிரணுச் சவ்வின் தடிமனோ 10 நானோமீட்டருக்கும் குறைவு. இவை இரண்டும் மின்னணு நுண்ணோக்கிக்கு உரியவை. இழைமணியின் அகலம் 0.5 மைக்ரோமீட்டருக்குக் குறையாததால் அளவைப் பொறுத்தவரை அது எல்லைக்கு உட்பட்டதே என்றாலும், நிறமின்றி இருப்பதால் சாயமேற்றாமல் அதனை இன்னதென்று சுட்டிக்காட்ட இயலாது.

பத்து மடங்கு கண்ணருகு லென்ஸும், 4, 10, 40 மடங்கு பொருளருகு லென்ஸ்களும் உள்ள சாதாரண நுண்ணோக்கி போதுமானது. கண்ணாடி ஸ்லைடுகள், மூடுகண்ணாடிகள், இடுக்கி, புதிய பிளேடு, சொட்டுக்குழாய், மெல்லிழைத் தாள் ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அயோடினுக்கு, மருந்துக்கடையில் காயங்களுக்காக விற்கப்படும் போவிடோன் அயோடினை ஐந்து மடங்கு நீரில் கலந்து பயன்படுத்தலாம். மெத்திலின் நீலம் வண்ண மீன் கடைகளில் மீன்களின் பூஞ்சை நோய்க்கு மருந்தாகக் கிடைக்கிறது. ஹைட்ரில்லா எனும் நீர்த்தாவரத்தையும் அங்கேயே கேட்டு வாங்கலாம்.

வேலையைத் தொடங்குமுன் ஓர் ஒளிபுகும் அளவுகோலை மேடையில் வைத்து, 4 மடங்கு லென்ஸில் காட்சி வட்டத்தின் விட்டத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அது 4.5 மில்லிமீட்டர் என்றால், 40 மடங்கு லென்ஸில் வட்டம் அதில் பத்தில் ஒரு பங்காகி 0.45 மில்லிமீட்டராக, அதாவது 450 மைக்ரோமீட்டராக இருக்கும். அவ்வட்டத்தின் குறுக்கே மூன்று உயிரணுக்கள் அடங்கினால், ஒவ்வொன்றும் சுமார் 150 மைக்ரோமீட்டர் நீளமுடையது. இந்த ஒரு கணக்கைச் செய்து பழகிய மாணவருக்கு அளவு என்பது வெறும் மனப்பாட எண்ணாக இராது.

உட்கருவைக் காணப் பெரிய வெங்காயமே சிறந்தது. நான்காக வெட்டிய வெங்காயத்தில் ஓர் இதழைப் பிரித்து, அதன் உட்குழிந்த பக்கத்திலுள்ள மெல்லிய தோலை இடுக்கியால் உரித்து, ஸ்லைடில் இட்ட நீர்த்துளியில் சுருக்கமின்றி விரியுங்கள். மூடுகண்ணாடியின் ஒரு விளிம்பை முதலில் நீரில் தொடச் செய்து, மெதுவாகச் சாய்த்து இறக்கினால் காற்றுக்குமிழ்கள் தங்கா. தொடக்கநிலை மாணவர்கள் உயிரணு என்று வரைந்து தருபவற்றில் கணிசமானவை, கருத்த விளிம்புடைய இக்காற்றுக்குமிழ்களே. முதலில் சாயமின்றிப் பாருங்கள். ஒளியைச் சற்றுக் குறைத்து 40 மடங்கு லென்ஸில் பொறுமையாக நோக்கினால், சுவரையொட்டிய சைட்டோபிளாசத்தில் (உட்கருவுக்கு வெளியே உள்ள கூழ் போன்ற பகுதியில்) நுண்ணிய துகள்கள் நகர்வது தெரியும். அவற்றுள் இழைமணிகளும் அடங்கும். பிறகு மூடுகண்ணாடியின் ஓர் ஓரத்தில் ஒரு சொட்டு அயோடினை வைத்து, எதிர் ஓரத்தில் மெல்லிழைத் தாளால் நீரை உறிஞ்சினால், சாயம் உள்ளே பரவி உட்கரு மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில் எடுப்பாகத் தெரியும். 1831-இல் ராபர்ட் பிரவுன் ஆர்க்கிட் தாவரத்தின் தோலுயிரணுக்களில் கண்டு பெயரிட்டதும் இதே உட்கருவைத்தான். வெங்காயத்தின் இத்தோலில் பசுங்கணிகம் இராது. தாவர உயிரணு என்றாலே பசுங்கணிகம் இருக்கும் என்று எழுதும் மாணவருக்கு இதைவிட நல்ல மறுப்பு வேறில்லை.

பசுங்கணிகத்துக்கு ஹைட்ரில்லாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இலை இரண்டே உயிரணு அடுக்குகள் கொண்டது என்பதால் வெட்டத் தேவையில்லை. நுனியிலிருந்து ஓர் இளம் இலையைக் கிள்ளி, அது வளர்ந்த நீரிலேயே வைத்து மூடினால் போதும். கிள்ளுவதற்கு முன் தாவரத்தைச் சிறிது நேரம் விளக்கொளியில் வைத்திருங்கள். குளிரூட்டிய அறையில் இயக்கம் மந்தமாகும் என்பதால் சன்னலைத் திறந்து வைத்து வேலை செய்வது நல்லது. நடுநரம்பையொட்டிய நீண்ட உயிரணுக்களில் ஒன்றைத் தெரிந்தெடுத்து, நுண்திருகை மெல்லத் திருப்பியபடி சில நிமிடங்கள் ஒரே உயிரணுவைப் பாருங்கள். பச்சை வில்லைகள் சுவரோரமாக ஒரே திசையில் சுற்றி வருவதைக் காண்பீர்கள். இத்தகைய சைட்டோபிளாச ஓட்டத்தை இத்தாலியரான போனவெந்துரா கோர்ட்டி 1774-இலேயே நீர்த்தாவர உயிரணுவில் கண்டு எழுதியிருக்கிறார்.

இக்காட்சியை அவசரமாகக் கடக்க வேண்டாம். பசுங்கணிகங்கள் ஏன் நடுப்பகுதியைக் கடந்து செல்லாமல் ஓரமாகவே சுற்றுகின்றன என்று மாணவரைக் கேளுங்கள். நடுவில் சாறு நிரம்பிய பெரிய நுண்குமிழ் (வேக்குவோல்) இடத்தை நிரப்பியிருப்பதும், சைட்டோபிளாசம் அதற்கும் சுவருக்கும் இடையே மெல்லிய படலமாக ஒடுங்கியிருப்பதுமே அதற்குக் காரணம். கண்ணுக்குத் தெரியாத நுண்குமிழ் இவ்வாறு தன் இருப்பைக் காட்டிவிடுகிறது. அடுத்ததாக, எது அவற்றை நகர்த்துகிறது என்று கேளுங்கள். ஆக்டின் இழைகளின்மேல் மயோசின் புரதங்கள் நகர்ந்து சைட்டோபிளாசத்தை இழுத்துச் செல்கின்றன. அதற்கு வேண்டிய ஏடிபி எனும் ஆற்றல் மூலக்கூறில் பெரும்பங்கு இழைமணிகளிலிருந்து வருகிறது. ஆக, நான்கு கட்டமைப்புகளைப் பற்றிய பாடம் ஒரே இலையில் கிடைக்கிறது. இந்த வழிகாட்டியிலிருந்து ஒன்றே ஒன்றைச் செய்ய நேரமிருக்கும் என்றால், வெங்காயத்தை விட்டுவிட்டு இதனையே செய்யுங்கள் என்பேன்.

நுண்குமிழையும் சவ்வையும் நேராகக் காட்டுவது ரோயோ செடியாகும். டிரேட்ஸ்கான்ஷியா ஸ்பதேசியா என்பது அதன் இன்றைய தாவரவியல் பெயர். மேற்புறம் கரும்பச்சையாகவும் அடிப்புறம் ஊதாவாகவும் இருக்கும் வாள் வடிவ இலைகளைக் கொண்ட இச்செடியைப் பினாங்குத் தீவிலும் பட்டர்வொர்த் பக்கமும் அடுக்குமாடிகளின் பூந்தொட்டிகளிலும் வீட்டு வேலியோரங்களிலும் காணலாம். தண்ணீர்மலைப் பூங்காவில் (பினாங்கின் தாவரவியல் பூங்காவில்) கண்டால் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டு, அண்டை வீட்டாரிடம் ஓர் இலை கேட்டு வாங்குங்கள். அதன் சாறு சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும்; கையுறை அணிவது நன்று.

இலையைச் சாய்வாகக் கிழித்து இழுத்தால் அடிப்புறத் தோல் ஊதாப் பட்டையாக உரியும். நீரில் வைத்துப் பார்க்கும்போது, ஊதா நிறம் நிரம்பிய தோலுயிரணுக்களுக்கு இடையே, இலைத்துளைகளைச் சூழ்ந்த காப்புயிரணுக்கள் பச்சையாகத் தெரியும். ஊதா நிறம் நுண்குமிழின் சாற்றில் கரைந்துள்ள ஆந்தோசயனின் எனும் நிறமி. பச்சை நிறம் பசுங்கணிகம். இப்போது 30 கிராம் சீனியைக் கரைத்து 100 மில்லிலிட்டராக்கிய கரைசலை, அயோடினைச் செலுத்திய அதே முறையில் மூடுகண்ணாடிக்கு அடியில் செலுத்துங்கள். சில நிமிடங்களில் ஊதாப் பகுதி சுருங்கிச் சுவரைவிட்டு விலகும். அதன் புதிய விளிம்புதான் உயிரணுச் சவ்வு இருக்கும் இடம். சுவரோ தன் வடிவம் மாறாமல் அப்படியே நிற்கும். விலகிய இடைவெளியில் இருப்பது என்ன என்று கேட்டால், வெற்றிடம் என்றோ நீர் என்றோ பதில் வரும். உண்மையில் அங்கிருப்பது சீனிக் கரைசல். சுவர் அதனைத் தடையின்றி உள்ளே விடுகிறது, சவ்வு தடுக்கிறது. தூய நீரை மீண்டும் செலுத்தினால் ஊதா விரிந்து பழைய நிலைக்குத் திரும்பும். மற்றொரு துண்டைக் கொதிநீரில் முக்கி எடுத்து இதேபோலச் சோதித்தால், சவ்வுகள் சிதைந்து நிறம் வெளியேறிவிடும், சுருக்கமும் நிகழாது. உயிருள்ள சவ்வு என்ன வேலை செய்கிறது என்பதற்கு இவ்விரு ஸ்லைடுகளையும் அடுத்தடுத்துப் பார்ப்பதே விளக்கம்.

உருளைக்கிழங்கின் வெட்டிய பரப்பைச் சுரண்டி அயோடின் சேர்த்தால், மாச்சத்தைச் சேமிக்கும் கணிகங்களில் விளைந்த மணிகள் கருநீலமாகத் தெரியும். விலங்குயிரணுவுக்கு, கன்னத்தின் உட்புறத்தைச் சுத்தமான பஞ்சுக்குச்சியால் மெல்லத் தடவி ஸ்லைடில் பூசி, நீர்த்த மெத்திலின் நீலத்தைச் சேருங்கள்; சுவரில்லாத, ஒழுங்கற்ற விளிம்பும் நீல உட்கருவும் காணலாம். குச்சியை அவரவரே பயன்படுத்தி, ஸ்லைடோடு சேர்த்து உடனே குளோராக்ஸ் (வெளுப்புத் திரவ) கரைசலில் போட வேண்டும்.

எஞ்சியவற்றுக்கு நுண்ணோக்கியை ஒதுக்கிவைத்துவிட்டு அவற்றின் வேலையைச் சோதியுங்கள். வடிகட்டிய நீர்த்த கஞ்சியில் உமிழ்நீரைக் கலந்து, உடல்சூட்டளவு வெந்நீரில் கிண்ணத்தை வையுங்கள். வெள்ளைத் தட்டில் இட்ட அயோடின் சொட்டுகளில் அவ்வப்போது ஒரு துளிக் கஞ்சியைச் சேர்த்துவந்தால், முதலில் தோன்றும் நீலம் படிப்படியாகத் தோன்றாமல் போகும். உமிழ்நீர் சேராத கஞ்சியில் நீலம் மாறாது. மாவுச்சத்தைச் சிதைத்தது அமைலேஸ் எனும் புரதம். அது உமிழ்நீர்ச் சுரப்பி உயிரணுக்களில், சொரசொரப்பான எண்டோபிளாச வலையின்மேல் ஒட்டியுள்ள ரைபோசோம்களில் உருவாகி, கோல்கை உறுப்பில் பக்குவமாகி, சிறுபைகளில் அடைக்கப்பட்டு, சவ்வின் வழியே வெளியேற்றப்படுகிறது. இவ்வழித்தடத்தை ஜார்ஜ் பலாடே குழுவினர் கினிப்பன்றியின் கணையத்தில் கதிரியக்க அமினோ அமிலங்களைக் கொண்டு பின்தொடர்ந்து நிறுவினர். 1974-இல் அவருக்கு ஆல்பர்ட் கிளாட், கிறிஸ்டியன் டி டுவ் ஆகியோருடன் நோபல் பரிசு கிடைத்தது. நுண்ணுறுப்புகளைத் தனித்தனி வரையறைகளாக ஒப்புவிப்பதைவிட, ஒரு புரதத்தை அதன் பிறப்பிலிருந்து வெளியேற்றம்வரை பின்தொடர்ந்து சொல்லச் செய்வதே மேல். விடுபட்ட கண்ணி எது என்பது உடனே தெரிந்துவிடும்.

சந்தையில் வாங்கிய சிறு துண்டுக் கோழி ஈரலின்மேல் 3 விழுக்காட்டு ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றினால் நுரை பொங்கும். ஈரலுயிரணுக்களின் பெராக்சிசோம்கள் எனும் நுண்ணுறுப்புகளில் நிறைந்துள்ள கேட்டலேஸ் நொதி, பெராக்சைடை நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிப்பதே அந்நுரைக்குக் காரணம். வேகவைத்த ஈரலில் நொதி சிதைந்துவிடுவதால் நுரை எழாது.

வரையும்போது கூர்மையான பென்சிலால் தொடர்ச்சியான கோடுகளாக, நிழலிடாமல் வரையச் சொல்லுங்கள். அந்த ஸ்லைடில் கண்டவற்றுக்கு மட்டுமே பெயர் குறிக்க வேண்டும்; வெங்காயப் படத்தில் கோல்கை உறுப்பு இடம்பெற்றால் அதனை அழிக்கச் செய்யுங்கள். படத்தின் உருப்பெருக்கம் என்பது வரைந்த நீளத்தை உண்மை நீளத்தால் வகுத்துப் பெறுவதே அன்றி, லென்ஸ்களில் பொறித்த எண்களின் பெருக்கற்பலன் அன்று. 150 மைக்ரோமீட்டர் உயிரணுவை 75 மில்லிமீட்டராக வரைந்திருந்தால் உருப்பெருக்கம் 500 மடங்கு.

பினாங்கின் ஈரப்பதத்தில் லென்ஸில் பூஞ்சை விரைவில் படரும். வேலை முடிந்ததும் லென்ஸ்களை அதற்குரிய தாளால் துடைத்து, சீனிக் கரைசல் சிந்திய மேடையை ஈரத்துணியாலும் பின்னர் உலர்துணியாலும் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் இறுக மூடும் பெட்டியில் நுண்ணோக்கியை வையுங்கள்.