விட்பி செல்வோர் முன்கூட்டியே பார்க்க வேண்டியது

இங்கிலாந்தின் வடக்கு யார்க்‌ஷயர் கடற்கரையில் உள்ள விட்பி நகருக்குச் செல்வோர், கூட்டம் சேர்வதற்கு முன்பே 199 கல் படிகளில் ஏறி, செயின்ட் மேரி தேவாலயத்தையும், 657-இல் மடம் நிறுவப்பட்ட மேட்டில் கூரையின்றி நிற்கும் பிற்கால மடாலயத்தின் இடிபாடுகளையும் பார்த்துவிடுவது நல்லது. அங்கிருந்தே கிளீவ்லாந்து வே என்னும் நடைபாதை கடலோரப் பாறைமுகட்டின் மீது தெற்கே செல்கிறது. ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நடந்தால் ராபின் ஹூட்ஸ் பே என்னும் பழைய மீனவச் சிற்றூரை அடையலாம், திரும்புவதற்குப் பேருந்து உண்டு.

அந்தக் கரையில் இறங்கிப் பாறைத்தட்டுகளில் சுருள் வடிவப் புதைபடிவங்களைத் தேட விரும்புவோர், அன்றைய கடல் ஏற்ற இறக்க நேரங்களைப் பார்த்துக்கொண்டு, நீர் வடியும் வேளையில் மட்டுமே செல்ல வேண்டும். ஏற்றம் தொடங்கிவிட்டால் செங்குத்தான பாறைச்சுவருக்கும் அலைக்கும் நடுவே சிக்கிக்கொள்ள நேரிடும்.

ஆகஸ்டில் சென்றால், பிக்கரிங்கிலிருந்து வரும் நீராவி ரயிலில் ஒருமுறை பயணம் செய்யுங்கள். வழியில் உள்ள கோத்லாண்டு என்னும் சிற்றூரைச் சுற்றியுள்ள மேட்டுநிலம் முழுவதும் அப்போது ஹெதர் என்னும் குறுஞ்செடி பூத்து ஊதாவாகக் கிடக்கும். துறைமுகத்தில் மீனும் சிப்ஸும் வாங்கினால், சுவரில் முதுகைச் சாய்த்தபடி உண்ணுங்கள். கடற்காகங்கள் பெரும்பாலும் பின்புறமிருந்துதான் பாய்கின்றன.