பேனல் ஜிபிஎஸ், ரேடியோ வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், விர்ஜீனியா விமானத்தளத்தில் ஏவியானிக்ஸ், அதாவது விமான மின்னணுக் கருவி வேலை பார்க்கிறேன். பழைய செரோக்கியோ செஸ்னா 172-ஓ போன்ற சிறு விமானம் வாங்கிய நம்மவர்கள், லைசென்ஸ் கைக்கு வந்த சூட்டோடு, "அண்ணே, பேனலை மாத்தணும்" என்று வந்து நிற்பார்கள். விமானி முன்னால் இருக்கும் கருவிப் பலகையைத்தான் பேனல் என்கிறோம். அவர்கள் செய்யும் தவறுகளில் பாதி, நாங்களும் அந்த வயதில் செய்தவைதான். புதிதாக வருகிறவரும் அதே குழியில் விழும்போது மனசு கேட்கவில்லை.

திரை எவ்வளவு பெரிது, தொடுதிரையா குமிழா, வெயிலில் எழுத்து தெரிகிறதா என்பதையெல்லாம் யாரும் பார்த்துத்தான் வாங்குவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

அமெரிக்க வீடியோவை நம்பி பழைய நாவ் ரேடியோவைக் கழற்றுவது

பணத்தை அதிகம் தின்னும் தவறு இதுதான். நாவ் ரேடியோ என்பது தரை நிலையங்களின் வழிகாட்டும் அலையைப் பிடிக்கும் பெட்டி. எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடக்கிறது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

அமெரிக்காவில் 2003 முதல் வாஸ் என்ற துணைச் செயற்கைக்கோள் சேவை இயங்குகிறது. தரைநிலையங்கள் ஜிபிஎஸ் பிழையைக் கணக்கிட்டு, செயற்கைக்கோள் வழியாக அந்தத் திருத்தத்தை விமானத்துக்கு அனுப்புகின்றன. அதனால் அங்கே ஆயிரக்கணக்கான ஓடுதளங்களில் எல்பிவி அப்ரோச், அதாவது செயற்கைக்கோளை நம்பி மேகத்துக்குள்ளிருந்து ஓடுதளத்துக்கு இறங்கும் வழி, உண்டு. கிராமத்துச் சின்ன ஓடுதளத்துக்குக்கூட, தரையில் ஒரு கருவியும் இல்லாமல், சரிவு வழிகாட்டலோடு தாழ இறங்கி வரலாம். நல்ல இடங்களில் 200 அடி வரைக்கும். அந்த நாட்டு விமானி, "இனி விஓஆரும் ஐஎல்எஸ்ஸும் எதற்கு, ஜிபிஎஸ் போதும்" என்று வீடியோவில் சொன்னால் அவருக்கு அது சரி. (விஓஆர் திசை காட்டும் தரைநிலையம்; ஐஎல்எஸ் ஓடுதளத்துக்கு நேர்கோடும் சரிவும் காட்டும் தரைக் கருவி.) வாஸ் போல ஐரோப்பாவில் எக்னாஸ் இருக்கிறது, இந்தியாவில் ககன் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் அப்படி ஒரு சேவை இன்று வரை நடைமுறைக்கு வரவில்லை. பெட்டி வாஸ் பெட்டியாகவே இருக்கட்டும். நம் வானத்தில் அதற்குத் திருத்தம் அனுப்ப ஆளில்லை.

அப்படியானால் நமக்குக் கிடைப்பது எல்நாவ் அப்ரோச். அது ஓடுதளத்துக்கு நேராகக் கொண்டுவந்து விடும். எவ்வளவு இறங்கலாம் என்ற சரிவைச் சொல்லாது. பல நூறு அடி உயரத்தில் நின்று, ஓடுதளம் கண்ணில் பட்டால் இறங்கலாம், படாவிட்டால் மேலே ஏறிவிட வேண்டும். சரிவு தரும் எல்நாவ்/விநாவ் வரி சில சார்ட்டுகளில் (அப்ரோச் வரைபடங்களில்) இருந்தாலும், இங்கே அதற்கு விமானத்தின் காற்றழுத்த உயரக் கணக்கோடு இணைந்த ஏற்பாடு வேண்டும். ஜெட்டில் அது இருக்கும், சாதாரண செரோக்கியில் இருக்காது. ஐஎல்எஸ் இருந்தாலோ, முதல் வகையிலேயே 200 அடி வரைக்கும் இறங்கலாம். டர்பனின் கிங் ஷாகா விமானநிலையத்தில் அது இருக்கிறது. ஆனால் அதைப் பிடிக்க 108 முதல் 112 மெகாஹெர்ட்ஸ் வரையிலான, நேர்கோடு காட்டும் லோகலைசர் ரிசீவரும், 330 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய, சரிவு காட்டும் கிளைட்ஸ்லோப் ரிசீவரும் விமானத்தில் இருக்க வேண்டும். ஜிபிஎஸ் எவ்வளவு விலை போட்டு வாங்கியதானாலும் அந்த இரண்டு வேலையையும் செய்யாது.

சாட்ஸ்வொர்த் தம்பி ஒருவர், நல்ல பையன், கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் படிக்கத் தொடங்கியிருந்தார். அவருடைய செரோக்கியில் நாவ் ரேடியோவும் பேசும் ரேடியோவும் (காம்) சேர்ந்த கேஎக்ஸ் 155-ம், கிளைட்ஸ்லோப் முள்ளோடு கேஐ 209 காட்டியும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தன. கார்மின் ஜிஎன்சி 355-ஐ வேறொரு கடையில் போடக் கொடுத்தார். அதில் ஜிபிஎஸ்ஸும் பேசும் ரேடியோவும் உண்டு, நாவ் ரிசீவர் கிடையாது. அவர்களும் எடை குறையட்டும், பேனல் அழகாக இருக்கட்டும் என்று கேஎக்ஸ் 155-ஐக் கழற்றி, வால் துடுப்பு ஆன்டெனாவிலிருந்து வந்த கேபிளையும் உருவிவிட்டார்கள். தம்பி பழைய பெட்டியையும் முள்ளையும் விற்றுவிட்டார்.

அப்புறம் ஒரு நாள் பயிற்சியாளரோடு நாட்டின் உட்பகுதியிலிருந்து கிங் ஷாகாவுக்கு வந்தார். நம் கரையோரம் எப்படியென்று தெரியுமே. தாழ்வழுத்தம் ஒன்று தெற்கிலிருந்து கரையை ஒட்டி ஏறி வரும். காலையில் நல்ல வடகிழக்குக் காற்று வீசும், திடீரென்று தென்மேற்காகத் திரும்பும், பின்னாலேயே தாழ்ந்த மேகமும் தூறலும். அன்றைக்கும் அப்படித்தான். எல்நாவில் இறங்கினால் மேகத்துக்குள்ளேயே நிற்க வேண்டிய நிலை. முன்னால் போன விமானங்கள் ஐஎல்எஸ்ஸில் வரிசையாக இறங்கின. இவர்கள் மட்டும் திரும்பி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்கும் மூடிக் கிடந்ததால் லேடிஸ்மித் வரை போய் இறங்கினார்கள். எரிபொருள் போதுமான அளவு இருந்தது, பயிற்சியாளர் நிதானமானவர், ஆபத்து எதுவும் நேரவில்லை. நாவ் ரிசீவர் இருந்திருந்தால் அந்தச் சுற்றே தேவைப்பட்டிருக்காது.

விமானம் எங்களிடம் வந்தது. புதிய நாவ்-காம் பெட்டி, கிளைட்ஸ்லோப் காட்டும் முள், உட்புறத்தை மறுபடி பிரித்து வாலிலிருந்து புதுக் கேபிள், மறுபடி சோதனை, மறுபடி காகிதம். ராண்ட் டாலரிடம் படும் பாட்டில், முதல் தடவை மிச்சப்படுத்தியதைப் போல் பல மடங்கு போயிற்று. கழற்றிய கடையைக் கேட்டால், "வாடிக்கையாளர் கேட்டார், செய்தோம்" என்றார்கள். கேட்பதைச் செய்வது மட்டுமா நம் தொழில்? இவர் ஐஎஃப்ஆர் (கருவிகளை நம்பிப் பறத்தல்) படிக்கிறவர் என்று தெரிந்தும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

பகலில் கண்ணால் பார்த்து மட்டும் பறப்பவருக்கு ஜிஎன்சி 355 நல்ல பெட்டி. ஜிஎன்எக்ஸ் 375-ம் நல்லதுதான். ஆனால் அதில் ரேடாருக்குப் பதில் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் உண்டு, பேசும் ரேடியோ கிடையாது, அதை மறந்து வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். ஐஎஃப்ஆர் எண்ணம் இருந்தால் ஜிபிஎஸ், நாவ், காம் மூன்றும் சேர்ந்த ஜிடிஎன் 650எக்ஸ்ஐ அல்லது அவிடைன் ஐஎஃப்டி 440 பக்கம் போங்கள். அவ்வளவு பணம் இல்லையென்றால் ஜிபிஎஸ் பெட்டியை வாங்கிவிட்டு, ஓடுகிற கேஎக்ஸ் 155-ஐயும் கேஐ 209-ஐயும் தொடாமல் அப்படியே விடுங்கள். பேனல் கொஞ்சம் பழசாகத் தெரியும், தெரியட்டும்.

2024-இல் நம் நாட்டின் பல விமானநிலையங்களில், காலமுறை மறுஆய்வு முடியவில்லை என்று அப்ரோச்கள் நிறுத்திவைக்கப்பட்டதும் நினைவிருக்கும். ஒரே வகை அப்ரோச்சை மட்டும் நம்பும் விமானத்துக்கு அப்படிப்பட்ட மாதங்கள் மிகவும் கஷ்டம்.

பெட்டியின் விலையை மட்டும் பார்ப்பது

கார்மினின் ஜிஎன்எஸ் 430 ஜிபிஎஸ் பெட்டி வெளிவந்தது 1998-இல். உழைக்கும் பெட்டி, இன்றும் மதிக்கிறேன். வெளிநாட்டிலிருந்து மலிவாக வாங்கும்போது ட்ரே (பெட்டி நுழையும் கூடு), பின்தட்டு, கனெக்டர், ஆன்டெனா எல்லாம் கூட வருகிறதா என்று கேளுங்கள். பொருத்தத் தகுதியானது என்ற வெளியீட்டுச் சான்று இல்லாத பெட்டி, இசட்எஸ் பதிவு (வழக்கமான வகைச் சான்று பெற்ற) விமானத்தில் ஏறாது. இசட்யூ பதிவுக்காரர்களுக்கு (வகைச் சான்று இல்லாத விமானங்கள்) நிபந்தனை கொஞ்சம் தளர்வு. பெயரின் கடைசியில் டபிள்யூ (வாஸ் வகை) இருக்கிறதா என்று பாருங்கள்; டபிள்யூ பெட்டிக்குப் பழைய ஆன்டெனா ஒத்து வராது. பழைய வகைகளில் ரேடியோவுக்கு 28 வோல்ட் கட்டாயமானவையும் உண்டு, 14 வோல்ட் செரோக்கிக்கு அது பயன்படாது. உதிரிப் பாகமும் அருகி வருகிறது. திரை போனால் பெட்டியே போனதாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே 430டபிள்யூ இருக்கும் பேனலில் அது பழுதானால், ஐஎஃப்டி 440 அதே ட்ரேயில் நுழையும். ஒயரிங் செலவு வெகுவாகக் குறையும்.

8.33 கிலோஹெர்ட்ஸ்

பேசும் ரேடியோ அலைவரிசைகளுக்கு இடையிலான இடைவெளி இது. ஐரோப்பாவுக்குப் பறப்பவருக்கு. இங்கே 25 கிலோஹெர்ட்ஸ் போதும்.

16 வாட் ரேடியோ

28 வோல்ட் விமானத்தில் மட்டும். 10 வாட் போதும்.

ஒரே ரேடியோ

வேண்டாம். ஆளில்லா ஓடுதளத்தை நெருங்கும்போது விமானிகள் ஒருவருக்கொருவர் தகவல் சொல்லும் 124.8 மெகாஹெர்ட்ஸைக் காதில் வைத்துக்கொண்டே தகவல் மையத்தோடும் பேச வேண்டியிருக்கும்.

ஆன்டெனாவையும் கேபிளையும் பழையபடியே விடுவது

புதுப் பெட்டி சரியில்லை என்று வருகிறவர்களில் பலருக்குப் பெட்டி நன்றாகத்தான் இருக்கும். விர்ஜீனியா கடலை ஒட்டிய தளம். உப்புக்காற்று ஆன்டெனா அடியில் புகுந்து, உடலோடு தொடும் இடத்தை அரித்துவிடும். கழற்றிப் பார்த்தால் வெள்ளைப் பொடி கொட்டும். புதுப் பெட்டி போடும்போதே ஆன்டெனாவை எடுத்து, அடியைச் சுரண்டிச் சுத்தம் செய்து, பழைய ஆர்ஜி-58 கேபிளை ஆர்ஜி-400-ஆக மாற்றச் சொல்லுங்கள்.

இன்னொன்று, ரேடியோவே ஜிபிஎஸ்ஸை அடைத்துவிடுவது. ஜிபிஎஸ் அலை 1575.42 மெகாஹெர்ட்ஸ். 121.175-இல் நீங்கள் பேசும்போது, அதன் பதின்மூன்றாவது மடங்கு 1575.275-இல் போய் விழும். 131.275-இன் பன்னிரண்டாவது மடங்கு 1575.3. காம் ஆன்டெனா பக்கத்திலேயே இருந்தால் செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றாகத் திரையிலிருந்து மறையும், சில விமானங்களில் மொத்தமாகவே. அதனால் 121.150, 121.175, 121.200, 131.250, 131.275, 131.300 ஆகிய ஆறிலும் பேசும் பொத்தானை அரை நிமிடத்துக்கு மேல் அழுத்திப் பிடித்து, செயற்கைக்கோள் பக்கத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு ரேடியோ இருந்தால் இரண்டிலும். முறையான கடை இதைச் செய்து எழுதியே கொடுக்கும்.

டேட்டாபேஸ்

ஜிபிஎஸ் பெட்டியில் உள்ள ஓடுதள, அப்ரோச் தகவல்களை 28 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஆப்பிரிக்கா அடங்கிய தொகுப்பா என்று பணம் கட்டும் முன் பாருங்கள்.

காகிதம் வராமல் மீதிப் பணத்தைக் கொடுப்பது

எடை-சமநிலைத் தாள் புதிதாக எழுதப்பட்டிருக்க வேண்டும். லாக் புத்தகத்தில் பொருத்திய நிறுவனத்தின் கையொப்பம், விமானத்தின் கையேட்டோடு சேர்க்க வேண்டிய துணை இணைப்பு, மாற்றத்துக்கான ஒப்புதல் எண், எல்லாம் வந்துவிட்டதா என்று பாருங்கள். தொலைத்தொடர்பு ஆணையமான ஐகாசாவின் ரேடியோ உரிமத்தில் உள்ள விவரம் புதுப் பெட்டிக்குப் பொருந்துகிறதா என்பதையும் கேளுங்கள். "அடுத்த வாரம் அனுப்புகிறோம்" என்றால், மீதியை அடுத்த வாரமே கொடுங்கள்.