சென்னை – சிங்கப்பூர் எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்? நாமே கணக்குப் போடலாம்

அம்மாவிடம் சிங்கப்பூர் டிக்கெட்டைக் காட்டினேன். போகும்போது சென்னையில் இரவு 11.30க்குக் கிளம்பி காலை 6.15க்குச் சேரும். திரும்பும்போது இரவு 8.00க்குக் கிளம்பி 9.45க்கே வந்துவிடும். "போக ஆறே முக்கால் மணி நேரம், வர ஒன்றே முக்கால்தானா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. போனில் உள்ள கால்குலேட்டரே இதற்குப் பதில் சொல்லிவிடும்.

முதலில் தூரம். கூகுள் மேப்ஸில் ஓடுபாதையின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும்: அட்சரேகை, தீர்க்கரேகை. மீனம்பாக்கத்துக்கு 12.99, 80.17. சிங்கப்பூர் விமான நிலையமான சாங்கிக்கு 1.36, 103.99. தீர்க்கரேகைகளின் வித்தியாசம் 23.82.

கால்குலேட்டர் கோணத்தை 'டிகிரி'யில் (Deg) அளக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். 'ரேடியன்' (Rad) என்ற இன்னொரு அளவில் இருந்தால் விடை எங்கேயோ போய்விடும். புதிதாகப் போடுபவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான்.

அட்சரேகை இரண்டின் சைனையும் (sin பொத்தான்) பெருக்குங்கள். 0.0053 வரும். அப்புறம் அவற்றின் காஸ் (cos) இரண்டையும், 23.82இன் காஸையும் சேர்த்துப் பெருக்குங்கள். 0.8912 வரும். இரண்டையும் கூட்டினால் 0.8965. இதற்குக் காஸ் இன்வர்ஸ் (cos⁻¹) அழுத்தினால் 26.3 டிகிரி. பூமியின் மையத்தில் நின்று பார்த்தால் இரு விமான நிலையங்களுக்கும் இடையே இருக்கும் கோணம் அது.

இனி எளிது. ஒரு டிகிரிக்கு 60 கடல் மைல். பூமியைச் சுற்றிய வட்டத்தில் ஒரு டிகிரியை அறுபதாகப் பிரித்துத்தான் கடல் மைல் என்ற அளவே பிறந்தது. விமானிகள் இன்றும் அதில்தான் தூரம் சொல்கிறார்கள். 26.3 × 60 = 1,578. அதை 1.852ஆல் பெருக்கினால் சுமார் 2,920 கி.மீ.

அடுத்து நேரம். ஜெட் விமானம் உயரத்தில் மணிக்கு ஏறத்தாழ 850 கி.மீ. போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வகுத்தால் 3.44 மணி. இது 3 மணி 44 நிமிடம் அல்ல! 0.44ஐ 60ஆல் பெருக்குங்கள்: 26 நிமிடம். மெதுவாக ஏறி இறங்குவதற்கு அரை மணி, தரையில் ஊர்ந்து போக இருபது நிமிடம் சேர்த்தால், நாலேகால் மணி நேரம். காற்றைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும், குறையும்.

கடைசியாகக் கடிகாரம். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி இருக்கிறது. போகும்போது அதைக் கூட்டுங்கள், வரும்போது கழியுங்கள். 8 மணியோடு நாலேகால் சேர்த்தால் 12.15, இரண்டரை போனால் 9.45. டிக்கெட்டோடு பொருந்திவிட்டது. அவசரத்துக்கு இன்னொரு வழியும் உண்டு: டிக்கெட்டில் தெரியும் ஆறே முக்காலையும் ஒன்றே முக்காலையும் கூட்டிப் பாதியாக்குங்கள். அதே நாலேகால்தான் வரும்.

அம்மா விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "சரி, தம்பியை 9.45க்கு ஏர்போர்ட்டுக்கு வரச் சொல். ஆனால் எனக்கு அது நடுராத்திரி. தூங்கிவிட்டால் எழுப்பு."