வேலைக்காக இங்கிலீஷ் படிக்கிறவங்க பண்ற தப்பு, நான் பண்ணினதும் சேத்து

காரைக்குடியில சாயங்காலம் ஆறரைக்கு மேல நம்மகிட்ட இங்கிலீஷ் பேசிப் பழக வர்றவங்க எல்லாம் வேலையில இருக்கவங்கதான். கானாடுகாத்தான் பக்கம் ஹோட்டல்ல நிக்கிறவங்க, ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைல ஆர்டர் எடுக்கிறவங்க, கண்டாங்கி சேலைக் கடைக்காரங்க. ஹி ஷி குழப்பம், ஸ்பெல்லிங் எல்லாம் தானா சரியாயிடும். ஆனா போன வாரம் ஒரு பையன் கஸ்டமர்கிட்ட போன்ல போட்ட ஒரு "யெஸ் சார்" கேட்டதும் எனக்குப் பழைய வயித்தெரிச்சல் திரும்பிருச்சு.

இல்லையாங்கிற கேள்விக்கு யெஸ்

நான் டைல்ஸ் பட்டறைல ஆபீஸ் பாத்தப்ப பெங்களூர்ல இருந்து ஒரு ஆர்க்கிடெக்ட் போன். "சோ, திஸ் ரேட் டஸின்ட் இன்க்ளூட் டிரான்ஸ்போர்ட்?" நம்மூர்ல "லாரி வாடகை இதுல சேராதுல்ல?"ன்னா "ஆமா, சேராது"ம்போம்ல, அதே நெனப்புல நானும் "யெஸ் சார், யெஸ் சார்". அவரு காதுல விழுந்தது "சேரும்". கண்ணாடி மேல கலர் ஊத்தி, மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணித் தொட்டியில நாள்கணக்கா ஊறவிட்டு, காய வச்சு, அடுக்கி, லாரி அங்க போய் நின்னதும் மனுசன் வாடகையக் கழிச்சிட்டு மிச்சத்த அனுப்பினாரு. அவரு மேல தப்பே இல்ல. முதலாளி ஒரு வார்த்த திட்டல, மூணு மாசம் சம்பளத்துல பிடிச்சாரு, அதுக்குத் திட்டியே இருக்கலாம்.

நம்ம "ஆமா" கேக்குறவரு பேச்சுக்கு ஒத்துப்போறது. இங்கிலீஷ்ல யெஸ்ஸும் நோவும் கேள்வி எப்படி வந்தாலும் நடப்ப மட்டும்தான் பாக்கும், சேரும்னா யெஸ், சேராதுன்னா நோ. போன்ல இதெல்லாம் யோசிக்க நேரம் இருக்காது, அதனால வெறும் யெஸ்ஸோட நிறுத்தாம "டிரான்ஸ்போர்ட் இஸ் எக்ஸ்ட்ரா சார்"னு விஷயத்தயே சொல்லிடுங்க, அன்னிக்கே வாட்ஸப்லயும் போட்டு விட்ருங்க.

ஐ ஹேவ் எ டவுட்

வெளிநாட்டுக்காரங்களுக்கு நீங்க அவங்க சொல்றத நம்பலங்கிற மாதிரி கேக்கும். கொஸ்டின்னு சொல்லுங்க.

ரிவர்ட் பேக்

பதில் போடுறேங்கிறதுக்கு இது வேணாம், ரிப்ளைன்னா போதும். அவ்ளோதான்.

அக்சென்ட்

அதப் பத்தின கவலைய விடுங்க.

டூ யூ மைண்ட்

மேல சொன்ன தப்போட பங்காளி இது. ஹோட்டல்ல வேல பாக்குற நம்ம தம்பி ஒருத்தன்கிட்ட ஒரு வெளிநாட்டம்மா வளவுல, அதான் வீட்டு நடு முத்தத்துல, நின்னுகிட்டு, "டூ யூ மைண்ட் இஃப் ஐ டேக் எ போட்டோ?"ன்னு கேட்டிருக்காங்க. அப்படின்னா எடுத்தா உங்களுக்கு ஆட்சேபணையான்னு அர்த்தம். இவன் சந்தோஷமா "யெஸ் யெஸ் மேடம்!"னிருக்கான். அவங்க சாரி சொல்லிட்டு கேமராவப் பைக்குள்ள வச்சுட்டாங்க. மறுநாள் கிளாஸுக்கு வந்து என்னையக் கேக்குறான், "ஏண்ணே, நான்தான் சரின்னு சொன்னேன்ல, அந்தம்மா ஏன் எடுக்காமயே போயிட்டாங்க?"