கூட்டு வாசிப்பில் மறைந்துபோகும் பிள்ளைகள்

கல்வியியற் கல்லூரியில் படிக்கும்போது ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு சிறிய பள்ளிக்கூடத்துக்கு அவதானிப்புக்குப் போயிருந்தேன். தரம் 3 பிள்ளைகள் பாடத்தைச் சேர்ந்து வாசித்தால் நன்றாகத்தான் கேட்கும். கடைசி வாங்கில் போய் இருந்தபோதுதான் விளங்கியது: சிலருடைய வாய் மற்றவர்களின் சத்தத்துக்குப் பிறகுதான் அசைந்தது.

தனியே வாசிக்கச் சொன்னேன். க, ப, ம எல்லாம் தெரியும். கெ, கே, கை வந்தால் நின்றுவிடுவார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஒலியில் பின்னால் வரும் உயிர், எழுத்தில் முன்னால் அல்லவா நிற்கிறது! கொ, கோ என்றால் இரண்டு பக்கமும்.

வகுப்பு ரீச்சரிடம் கேட்டு, பழைய கலண்டர் மட்டையில் க முதல் ன வரையான அகர வரிசை எழுத்துகள் 18ஐயும், உயிர் ஒலியைக் காட்டும் குறிகளையும் (ா, ெ, ை போன்றவை) தனித்தனியாக வெட்டினேன். பிள்ளைகளே குறியை இடமும் வலமும் நகர்த்தி வைத்து வாசிக்க வேண்டும். 216 உயிர்மெய்யையும் ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை என்று கண்டதும் அவர்களுக்கு வந்த துணிவைப் பார்க்க எனக்குப் பெரிய சந்தோசம்.

செய்து பார்க்கிறவர்களுக்கு ஒன்று: உகர, ஊகார வரிசைகளை இந்த மட்டைகளோடு சேர்க்காதீர்கள். கு, து, மு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக உருமாறும். அவற்றை முழு எழுத்தாகவே பழக்குங்கள்.